பழைய மென்பொருள் பதிப்புகளைக் காப்பகப்படுத்துதல்: காவலூர் வானாய்வகத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

லினக்ஸ் வழங்கல்களில் ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு சேர்ந்தவுடன் பழைய பதிப்பு பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கப்படுவது வழக்கம். அன்றாடப் பயனருக்கு இது நன்மை தருகிறது. ஆனால், கணினிவழிப் பெற்ற ஆய்வு முடிவொன்றைப் பின்னாளில் சரிபார்க்க முனைவோருக்கு இதுவே தடையாகிறது. ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் தரவுகள் செயலாக்கப்படும் முறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பழைய பதிப்புகள் எவ்வாறு மறைகின்றன, டெபியன் முதலிய வழங்கல்களின் காப்பகங்கள் அவற்றை எவ்வாறு காக்கின்றன, அக்காப்பகங்களின் எல்லைகள் யாவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் எழுத்துணரி, சொல்லடைவு ஆகியவற்றைப் பயன்படுத்தும் தமிழாய்வாளருக்கும் இச்சிக்கல் பொருந்தும் என்பதும், தரவைக் காப்பவர் அதனைச் செயலாக்கிய மென்பொருளின் பதிப்பையும் சேர்த்துக் காத்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: மென்பொருள் பொதி, பதிப்பு, சார்பு, டெபியன், ஸ்னாப்ஷாட் காப்பகம், காவலூர், ஐராஃப், எழுத்துணரி, மறுசெய்கை.

முன்னுரை

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தை அடுத்து, ஜவ்வாது மலையில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் காவலூர். நகர விளக்கொளி குறைந்த இம்மலைப்பகுதியை வானியலறிஞர் வைணு பாப்பு 1960களில் தேர்ந்தெடுத்தார். 1968இல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் இங்கு நோக்குப்பணி தொடங்கியது. 1972இல் 102 செ.மீ. தொலைநோக்கி செயற்பாட்டிற்கு வந்தது. 1986 ஜனவரி 6ஆம் நாள் 234 செ.மீ. தொலைநோக்கி தொடங்கிவைக்கப்பட்டு, வானாய்வகமும் தொலைநோக்கியும் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றன. இந்திய வானியற்பியல் நிறுவனம் இதனை நடத்திவருகிறது.

1977 மார்ச் 10ஆம் நாள் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்த நிகழ்வைக் காவலூர் ஆய்வாளர்கள் 102 செ.மீ. தொலைநோக்கியால் பதிவுசெய்தனர். கோள் மறைக்கும் நேரத்திற்கு அப்பாலும் விண்மீனின் ஒளி மங்கியது தெரியவந்தது. அதற்குப் புதிய துணைக்கோள் ஒன்று காரணமாகலாம் என்று காவலூரிலிருந்து முதலில் ஒரு குறிப்பு நேச்சர் இதழில் வெளிவந்தது. அதே ஆண்டில், சனிக்கோளுக்கு இருப்பது போன்ற வளையத் தொகுதி யுரேனஸுக்கும் உண்டு என விளக்கும் மற்றொரு குறிப்பும் அதே இதழில் வெளிவந்தது. யுரேனஸின் வளையங்களைப் பிற நாட்டு ஆய்வுக் குழுக்களும் அந்நிகழ்வின் வாயிலாகவே கண்டறிந்தன.

இந்நிகழ்வு உணர்த்தும் ஆய்வுநெறி ஒன்று உண்டு. விளக்கம் மாறலாம், மூலப் பதிவு மாறாமல் இருத்தல் வேண்டும். மூலப் பதிவு கைவசம் இருந்தால்தான் மறுவிளக்கம் இயலும். ஒளிப்படத் தகட்டில் பதிந்த நிறமாலையை மறுபடி காண விளக்கொளியும் உருப்பெருக்கியும் போதுமானவை. பதிவு எண்முறைக் கோப்பாக மாறியபின், அதனைப் படிப்பதற்கும் செயலாக்குவதற்கும் மென்பொருள் தேவையாகிறது. அம்மென்பொருளின் உரிய பதிப்பு கிடைக்காதபோது மூலப் பதிவு இருந்தும் முந்தைய முடிவை மறுபடி பெற இயலாத நிலை ஏற்படுகிறது. இந்நிலையைத் தவிர்க்கும் வழிகளுள் ஒன்றான பொதிக் காப்பகங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

1. பொதி, பதிப்பு, சார்பு

லினக்ஸ் என்பது அடிப்படையில் ஒரு கருநிரல். அதனுடன் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு தொகுத்து அளிப்பது வழங்கல் எனப்படுகிறது. 1993இல் தொடங்கப்பட்ட டெபியன், அதனை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, சென்னையிலுள்ள சி-டாக் மையம் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் ஆகியவை வழங்கல்களே.

வழங்கலில் உள்ள ஒவ்வொரு மென்பொருளும் பொதி என்னும் அலகாகக் கட்டப்படுகிறது. பொதியினுள் இயங்கு கோப்புகளும், நிறுவும் குறிப்புகளும், பெயர், பதிப்பெண், சார்புகள் ஆகிய விவரங்களும் அடங்கும். சார்பு என்பது, ஒரு பொதி இயங்குவதற்கு வேறெந்தப் பொதிகள், எந்தப் பதிப்பிற்குக் குறையாமல் இருத்தல் வேண்டும் என்னும் குறிப்பாகும். ஒரு பொதி பத்துப் பொதிகளைச் சார்ந்திருக்க, அவை ஒவ்வொன்றும் மேலும் சிலவற்றைச் சார்ந்திருக்கும். ஆகவே, ‘மென்பொருளின் பழைய பதிப்பு’ என்று ஒருமையில் கூறினாலும், அது இயங்குவதற்கு அக்காலத்துப் பொதிக் கூட்டம் முழுவதும் தேவைப்படும்.

இதனைத் தமிழாய்வு மரபைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். புறநானூற்றுப் பாடலொன்றைச் சான்று காட்டும் ஆய்வாளர் எப்பதிப்பு, எவ்வாண்டு என்று குறிப்பிடுகிறார். பதிப்புக்குப் பதிப்பு பாடம் வேறுபடும் என்பதே இதன் காரணம். மென்பொருளும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகிறது. நூலின் முதற்பதிப்பு அச்சில் இல்லாவிடினும் நூலகத்தில் கிடைக்கும். மென்பொருளின் பழைய பதிப்பு நூலகத்தில் தானாகச் சென்று சேர்வதில்லை. யாரேனும் திட்டமிட்டுக் காத்தாலன்றி அது எஞ்சுவதில்லை.

2. காவலூர்த் தரவு முடிவாக மாறும் முறை

தொலைநோக்கியின் சி.சி.டி. உணரியில் பதியும் படிமம் நேரடியாக ஆய்வு முடிவாவதில்லை. உணரி தானாகச் சேர்க்கும் அடிப்படை மின்னளவு முதலில் கழிக்கப்படுகிறது. உணரியின் புள்ளிகளுக்கிடையே உள்ள உணர்திறன் வேறுபாடு சமன்செய்யப்படுகிறது. அண்டக்கதிர்கள் ஏற்படுத்திய பொய்ப்புள்ளிகள் நீக்கப்படுகின்றன. நிறமாலையாயின், அலைநீளம் முன்பே அறியப்பட்ட விளக்கொன்றின் கோடுகளைக் கொண்டு அலைநீள அளவு பொருத்தப்படுகிறது. இவ்வொவ்வொரு படியிலும் எத்தனை புள்ளிகளைச் சராசரி காண்பது, எவ்வரம்பிற்கு மேற்பட்டதைப் பிழையெனத் தள்ளுவது, எவ்வகை வளைகோட்டைப் பொருத்துவது என்னும் தெரிவுகள் உள்ளன. அவற்றுட் பலவற்றைப் பயனர் கூறாதபோது மென்பொருளே தன் இயல்பு மதிப்பைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. எனவே வெளியிடப்படும் எண், தரவு, நிரல், அளவுருக்கள் ஆகிய மூன்றின் விளைவாகும்.

இவற்றுள் தரவு வடிவம் நன்கு காக்கப்பட்டுள்ளது. வானியலாளர்கள் 1981இல் வெளியிட்ட ஃபிட்ஸ் என்னும் கோப்பு வடிவம், ஒருமுறை ஃபிட்ஸாக அமைந்த கோப்பு என்றும் ஃபிட்ஸாகவே ஏற்கப்படவேண்டும் என்னும் நெறியைக் கடைப்பிடித்து வருகிறது. பிற்கால விரிவாக்கங்கள் எவையும் முற்காலக் கோப்புகளைச் செல்லாதவையாக்கவில்லை. மென்பொருளின் நிலை இதற்கு மாறானது.

உலகெங்கும் நோக்குத் தரவுகளைச் செயலாக்க நெடுங்காலம் பயன்பட்டு வந்த மென்பொருள் ஐராஃப். இதன் உருவாக்கம் 1981இல் தொடங்கியது; அமெரிக்காவின் தேசிய ஒளியியல் வானாய்வகம் இதனை வளர்த்துவந்தது. காவலூர்த் தரவுகளை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுக் கட்டுரைகளிலும் ஐராஃபின் வழக்கமான செயல்முறைகளைப் பின்பற்றித் தரவு செயலாக்கப்பட்டது என்னும் தொடரைப் பரவலாகக் காணலாம். அத்தொடர் பெரும்பாலும் பதிப்பெண்ணைக் குறிப்பதில்லை.

2013இல் வெளிவந்த 2.16.1 என்னும் பதிப்போடு அவ்வானாய்வகம் ஐராஃபின் வளர்ச்சிப் பணியை நிறுத்திக்கொண்டது. 32 பிட் கணினிக் காலத்தில் எழுதப்பட்ட அதன் பகுதிகள் சில புதிய இயங்குதளங்களில் இயங்க மறுத்தன. பின்னர்ப் பயனர் குழுவொன்று மூலநிரலை ஏற்று, திருத்தி, 2.17, 2.18 என்னும் பதிப்புகளை வெளியிட்டது. 2019இல் வெளிவந்த டெபியன் 10ஆம் வெளியீட்டில் ஐராஃப் பொதியாக இடம்பெற்றது. ஐராஃபைப் பைத்தான் மொழிவழி இயக்கும் பைராஃப் முதலியவற்றைப் பயன்படுத்தியோர் வேறொரு சிக்கலையும் எதிர்கொண்டனர். பைத்தான் 2இன் ஆதரவு 2020 ஜனவரி 1உடன் முடிவுற்றது. 2023இல் வெளிவந்த டெபியன் 12இல் பைத்தான் 2 அறவே இல்லை. அம்மொழிப் பதிப்பில் எழுதப்பட்ட ஆய்வு நிரல்களைத் திருத்தாமல் இயக்க வேண்டுமாயின் பழைய வெளியீட்டை நாடுவதன்றி வேறு வழியில்லை.

ஐராஃபுக்குப் பயனர் பெருங்கூட்டம் இருந்தமையால் அது மீண்டது. எல்லா மென்பொருளுக்கும் இவ்வாய்ப்பு அமைவதில்லை. காவலூரில் பெற்ற நிறமாலைகளைச் செயலாக்குவதற்காக இந்திய வானியற்பியல் நிறுவனத்தினரே உருவாக்கிய ரெஸ்பெக்ட் என்னும் மென்பொருள், 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த கட்டுரைகளில் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு நிறுவனம் தன் தேவைக்காக எழுதிக்கொள்ளும் இத்தகைய மென்பொருள்கள் வழங்கல்களின் களஞ்சியங்களுக்குள் வருவதில்லை. அவற்றைக் காக்கும் பொறுப்பு எழுதிய நிறுவனத்தையே சாரும்.

3. பழைய பதிப்புகள் மறையும் முறை

டெபியன் வழங்கலில் பொதிகள் அனைத்தும் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வைக்கப்பட்டு, உலகெங்குமுள்ள நகல் தளங்களுக்குப் படியெடுக்கப்படுகின்றன. நடப்பிலுள்ள ஏதேனும் ஒரு வெளியீட்டின் பட்டியல் சுட்டும் வரையில்தான் ஒரு பொதிக்கு அக்களஞ்சியத்தில் இடம் உண்டு. வளர்ச்சிநிலைக் கிளையில் இன்று சேரும் பதிப்பை நாளை வேறொரு பதிப்பு விலக்கலாம். விலக்கப்பட்டதை எந்தப் பட்டியலும் சுட்டாதபோது அது சில நாட்களுக்குள் நீக்கப்படுகிறது.

நிலைத்த வெளியீடுகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகின்றன. நீண்டகால ஆதரவையும் சேர்த்து ஒரு வெளியீட்டிற்கு ஏறத்தாழ 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதன்பின் அவ்வெளியீடு முதன்மைத் தளங்களிலிருந்து அகற்றப்பட்டு, டெபியனின் பழைய வெளியீடுகளுக்கான காப்பகத் தளத்திற்கு மாற்றப்படுகிறது. அங்கே அவ்வெளியீட்டின் இறுதிநிலை மட்டுமே கிடைக்கும். இடையே வந்துபோன பதிப்புகள் அதில் இல்லை.

இந்நீக்கத்தைக் குறையெனக் கொள்வதற்கில்லை. நகல் தளங்களை நடத்துவோர் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் தன்னார்வ அமைப்புகளும் ஆவர். எல்லாப் பதிப்புகளையும் எல்லாத் தளங்களிலும் வைப்பது அவர்களால் இயலாது. மேலும், பாதுகாப்புக் குறையுள்ள பதிப்பைப் பொதுவில் வைப்பது பயனருக்குத் தீங்கு. அன்றாடப் பயன்பாட்டிற்கான களஞ்சியத்தின் நோக்கமும் காப்பகத்தின் நோக்கமும் வெவ்வேறானவை என்பதையே இது காட்டுகிறது. களஞ்சியம் இன்று பயன்படுத்தத் தக்கதைத் தருகிறது. அன்று பயன்படுத்தப்பட்டது எது என்பதைக் காட்டுவதற்கு வேறோர் அமைப்பு தேவை.

4. டெபியனின் ஸ்னாப்ஷாட் காப்பகம்

அத்தகைய அமைப்பே ஸ்னாப்ஷாட் எனப்படும் காப்பகம். 2005ஆம் ஆண்டு முதலான டெபியன் களஞ்சியத்தின் நிலைகளை இது கொண்டுள்ளது. 2010 முதல் டெபியனின் அதிகாரமுறைச் சேவையாக இயங்குகிறது. களஞ்சியத்தின் அப்போதைய நிலை ஒவ்வொரு நாளும் பலமுறை பதிவுசெய்யப்படுகிறது. முகவரியில் நாளையும் நேரத்தையும் குறித்தால், அந்நேரத்தில் களஞ்சியம் இருந்தவாறே பயனருக்குத் தோன்றும்.

நாள்தோறும் முழுக் களஞ்சியத்தையும் படியெடுத்தால் சேமிப்பிடம் விரைவில் தீர்ந்துவிடும் என்னும் ஐயம் எழலாம். இக்காப்பகம் அதனைப் பின்வருமாறு தீர்க்கிறது. ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் ஹாஷ் எனப்படும் நிலையான நீளமுடைய குறி கணக்கிடப்படுகிறது. உள்ளடக்கத்தில் ஓரெழுத்து மாறினும் குறி மாறிவிடும். கோப்பு அக்குறியின் பெயரிலேயே ஒருமுறை மட்டும் சேமிக்கப்படுகிறது. எந்த நேரத்தில், எந்தப் பெயரில், எந்த அடைவில் அக்கோப்பு இருந்தது என்பது தனியே தரவுத்தளத்தில் பதியப்படுகிறது. நூறு நாட்கள் மாறாதிருந்த பொதி நூறு பட்டியல்களில் இடம்பெறும். சேமிப்பிடத்தில் அது ஒன்றுதான். நூலகத்தில் நூல் ஒரு படியாக இருக்க, நாள்தோறும் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதி வைப்பதை ஒத்தது இம்முறை.

ஆய்வாளருக்கு இதன் பயன் தெளிவானது. 2019 ஆகஸ்ட் 15 அன்று செய்த பகுப்பாய்வை மறுபடி செய்ய விரும்புவோர், மெய்நிகர் கணினி ஒன்றில் பொதி மூலங்களின் முகவரியாக அந்நாளின் ஸ்னாப்ஷாட்டைக் குறிக்கலாம். அப்போது நிறுவப்படும் மென்பொருளும், அதன் சார்புகளும், சார்புகளின் சார்புகளும் அந்நாளின் பதிப்புகளாகவே அமையும். முதற்பகுதியில் கூறிய பொதிக் கூட்டச் சிக்கலை இம்முறை நாள் என்னும் ஒரே அளவால் தீர்க்கிறது. பதிப்பெண்ணைக் குறித்து வைக்கத் தவறியவருக்கும், பகுப்பாய்வு செய்த நாளும் அப்போது பயன்படுத்திய வெளியீடும் தெரிந்தால் பெரும்பாலும் வழி உண்டு.

நடைமுறையில் ஒரு தடையை எதிர்பார்க்கலாம். களஞ்சியப் பட்டியல்கள் சிலவற்றில் செல்லுபடிக் காலம் குறிக்கப்பட்டிருக்கும். பழைய பட்டியலைக் காட்டிப் பயனரை ஏமாற்றி, குறையுள்ள பதிப்பை நிறுவச் செய்யும் தாக்குதலைத் தடுப்பதற்கே இவ்வேற்பாடு. ஆகவே பொதி மேலாண்மை நிரல் பழைய பட்டியலைக் காலாவதியானதென்று தள்ளிவிடும். இச்சோதனையை அம்மெய்நிகர் கணினிக்கு மட்டும் நிறுத்திவைத்தல் வேண்டும். பட்டியலுக்கு இடப்பட்ட எண்முறைக் கையொப்பத்தின் திறவி காலாவதியாகியிருப்பதும் உண்டு. கையொப்பச் சோதனையை முழுவதும் கைவிடாமல், அக்காலத்துத் திறவிப் பொதியைப் பெற்றுச் சரிபார்ப்பதே நெறி.

5. பிற காப்பக மாதிரிகள்

ஆர்ச் லினக்ஸ் தனித்தனி வெளியீடுகள் இன்றித் தொடர்ந்து புதுப்பிக்கப்படும் வழங்கல். அதன் காப்பகம் நாள்வாரியாகக் களஞ்சியத்தைக் காக்கிறது. மிகப் பழையவை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திற்கு மாற்றப்பட்டுள்ளன. உபுண்டு தன் ஆதரவு முடிந்த வெளியீடுகளைத் தனித் தளத்தில் வைத்துள்ளது. கிக்ஸ் என்னும் வழங்கல் வேறொரு வழியில் செல்கிறது. எந்த மூலநிரலிலிருந்து எவ்வாறு பொதி கட்டப்படவேண்டும் என்னும் வரையறையையே அது முதன்மையாகக் காக்கிறது. பழைய நிலையொன்றைக் குறித்தால் அந்நிலையின் பொதிகளை மறுபடி கட்டித் தருகிறது.

பிரான்சின் இன்ரியா நிறுவனம் 2016இல் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ், யுனெஸ்கோவின் ஒத்துழைப்புடன் உலகின் பொதுவெளி மூலநிரல்களைத் திரட்டிக் காக்கிறது. இயங்கு கோப்புகளை அது காப்பதில்லை. மூலநிரல் மட்டும் இருப்பின், அதனைக் கட்டுதற்குரிய அக்காலத்து நிரல்மொழி மாற்றியும் நூலகங்களும் வேறிடத்திலிருந்து கிடைத்தல் வேண்டும். இயங்கு பொதி மட்டும் இருப்பின், அது எவ்வாறு அம்முடிவைத் தந்தது என்று ஆராய இயலாது. ஆகவே இருவகைக் காப்பகங்களும் ஒன்றையொன்று நிறைவுசெய்வன.

6. தமிழாய்வில் இச்சிக்கல்

வானியலுக்கு மட்டும் உரியதன்று இச்சிக்கல். அச்சு நூல்களை எழுத்துணரி வழியே உரையாக்கும் தமிழாய்வாளர் பலர் டெசராக்ட் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். 2018இல் வெளிவந்த அதன் 4.0 பதிப்பு, நரம்பியல் வலையமைப்பை அடிப்படையாகக் கொண்ட புதிய உணர்முறையை ஏற்றது. டெபியன் 9இல் இருந்தது 3ஆம் வரிசைப் பதிப்பு. டெபியன் 10இல் 4.0, டெபியன் 12இல் 5ஆம் வரிசைப் பதிப்பு. ஒரே பக்கத்தை இவை மூன்றிற்கும் கொடுத்தால் ஒரே உரை கிடைக்கும் என்பதற்கில்லை. தமிழுக்கான பயிற்சித் தரவு தனிப் பொதியாக வருவதால் அதன் பதிப்பும் விளைவைப் பாதிக்கும்.

எழுத்துணரியின் உரையைக் கொண்டு சொற்களின் நிகழ்வெண்ணைக் கணக்கிட்டு, ஒரு சொல் குறிப்பிட்ட காலத்தில் அருகிற்று என்று ஒருவர் முடிவுகூறுவதாகக் கொள்வோம். அருகியது சொல்லா, அல்லது அதனை உணரத் தவறியது மென்பொருளா என்னும் வினா எழும்போது, அதே பதிப்பைக் கொண்டு அதே பக்கங்களை மறுபடி உணரச் செய்து பார்ப்பதே சரிபார்க்கும் வழி. பதிப்பு கிடைக்காவிடின் அவ்வினாவிற்கு உறுதியான விடையும் கிடைக்காது.

வரிசைப்படுத்தலும் இத்தகையதே. லினக்ஸ் வழங்கல்களின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018 ஆகஸ்டில் வந்த 2.28 பதிப்பில் தன் வரிசை அட்டவணைகளைப் பன்னாட்டுத் தரத்திற்கேற்பப் புதுப்பித்தது. அதன் விளைவாகச் சொற்களின் வரிசை மாறி, அதனை நம்பியிருந்த தரவுத்தளங்களின் சுட்டிகளை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. சொல்லடைவுகளைக் கணினிவழி வரிசைப்படுத்துவோர் தாம் பயன்படுத்தும் மென்பொருளுக்கு அடியிலுள்ள நூலகத்தின் பதிப்பையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

டிஸ்கி, தாம், தாப் ஆகிய குறியாக்கங்களில் 1990களிலும் அதன்பின்னும் உருவான தமிழ்க் கோப்புகளுக்கும் இது பொருந்தும். 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் நிரல்கள் பல எழுதப்பட்டன. மாற்றப்பட்ட உரையில் காணும் பிழை மூலத்தினுடையதா, மாற்றியினுடையதா என்று பிரித்தறிய, மூலக் கோப்புடன் அம்மாற்றியின் பதிப்பும் வேண்டும்.

7. காப்பகத்தின் எல்லைகள்

முதலாவது எல்லை பாதுகாப்பு. காப்பகம் குறைகளையும் சேர்த்தே காக்கிறது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் பாதுகாப்புக் குறையுடைய ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்புகளும் பழைய நிலைகளில் இருக்கவே செய்யும். ஆகவே பழைய பொதிகளை இணையத் தொடர்பற்ற மெய்நிகர் கணினியில் மட்டும் இயக்குதல் நன்று.

இரண்டாவது எல்லை உரிமம். கட்டற்ற உரிமம் உடைய மென்பொருளை எவரும் படியெடுத்துக் காக்கலாம். மறுபகிர்வைத் தடைசெய்யும் உரிமம் உடையதைப் பொதுக் காப்பகத்தில் வைக்க இயலாது. கட்டற்ற மென்பொருளை ஆய்வில் தேர்ந்தெடுப்பது, அதனைப் பின்னாளில் காத்து வைப்பதற்கான உரிமையையும் பெறுவதாகும்.

மூன்றாவது எல்லை வன்பொருள். பழைய கருநிரல் புதிய கணினியின் உறுப்புகளை அறியாது. வன்பொருளை மென்பொருளால் போலச்செய்யும் க்யூஇஎம்யு போன்றவை இதற்கு ஓரளவு தீர்வாகின்றன. நான்காவது, பொதிக்குப் புறத்தேயுள்ளவை. இயங்கும்போது இணையத்திலிருந்து தரவையோ பயிற்சிக் கோப்பையோ இறக்கிக்கொள்ளும் மென்பொருளில், பொதியைக் காத்தாலும் அத்தரவு காக்கப்படுவதில்லை.

ஐந்தாவது, பிறவழி வழங்கல்களின் நிலை. டெபியனின் காப்பகம் டெபியனின் பொதிகளையே காக்கும். அதனிலிருந்து பிரிந்த வழங்கல்கள் மாற்றிக் கட்டிய பொதிகள் அதில் இடம்பெறா. தமிழ்நாட்டில் மாணவர்க்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் இயங்குதளமும் இருந்தது. ஒரு தலைமுறை மாணவர் தமிழில் தட்டெழுதிப் பழகிய சூழல்களுள் ஒன்றாக அதனைக் கருதினால், அதன் பழைய வெளியீடுகளும் காக்கப்பட வேண்டிய ஆவணங்களே எனலாம்.

8. ஆய்வாளரும் நிறுவனங்களும் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து பின்வரும் நடைமுறைகளைப் பரிந்துரைக்கலாம்.

முதலாவதாக, கட்டுரையின் ஆய்வுமுறைப் பகுதியில் வழங்கலின் பெயர், வெளியீடு, மென்பொருளின் முழுப் பதிப்பெண், பகுப்பாய்வு செய்த நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். நூற்பதிப்பைக் குறிப்பதற்கு ஆகும் இடமே இதற்கும் ஆகும்.

இரண்டாவதாக, கணினியில் நிறுவப்பட்ட பொதிகள் அனைத்தின் பட்டியலையும் ஒரே கட்டளையால் உரைக்கோப்பாகப் பெறலாம். அதனைத் தரவுடன் சேர்த்து வைத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, முதன்மையான பொதிகளின் இயங்கு கோப்பையும் மூலநிரலையும், அவற்றின் ஹாஷ் குறிகளுடன், தரவு இருக்கும் இடத்திலேயே படியெடுத்து வைத்தல் நன்று. வெளிக் காப்பகத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

நான்காவதாக, பயிற்சித் தரவு, எழுத்துரு, அகராதிக் கோப்பு முதலிய புறப்பொருள்களைப் பட்டியலிட்டுக் காத்தல் வேண்டும்.

ஐந்தாவதாக, ஆய்வாளரோ நிறுவனமோ எழுதிய நிரலுக்குத் தெளிவான கட்டற்ற உரிமம் அளித்து, சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் போன்ற காப்பகத்தில் சேர்த்தல் வேண்டும். உரிமம் எழுதப்படாத நிரலைப் பிறர் காக்க விரும்பினாலும் காக்கும் உரிமை அவர்க்கு இல்லை.

பல்கலைக்கழக நூலகங்கள் ஆய்வேடுகளைக் குறுவட்டிலோ மின்கோப்பாகவோ பெற்று வைக்கின்றன. ஆய்வேட்டுடன் பொதிப் பட்டியலையும் நிரலையும் பெறும் வழக்கத்தை ஏற்படுத்துவது பெருஞ்செலவின்றி இயலும்.

முடிவுரை

லினக்ஸ் வழங்கல்களின் பொதுக் களஞ்சியம் நடப்புப் பயன்பாட்டிற்கானது. அதில் பழைய பதிப்புகள் மறைவது இயல்பே. அவற்றை நாள்வாரியாகக் காக்கும் டெபியனின் ஸ்னாப்ஷாட் போன்ற காப்பகங்கள், மென்பொருளையும் அதன் சார்புகளையும் ஒருங்கே மீட்கும் வழியைத் தருகின்றன. பாதுகாப்பு, உரிமம், வன்பொருள், புறத்தரவு ஆகியவை இவற்றின் எல்லைகளாக அமைகின்றன. அவ்வெல்லைகளை ஆய்வாளரின் பதிவொழுக்கமும் நிறுவனத்தின் சேமிப்பும் நிரப்புதல் வேண்டும்.

1977இல் காவலூரில் பதிவான ஒளிமங்கல், சில மாதங்களுக்குள் துணைக்கோள் என்னும் விளக்கத்திலிருந்து வளையத் தொகுதி என்னும் விளக்கத்திற்கு வந்தது. பதிவு அழியாமல் இருந்ததும், அதனை மறுபடி படிக்க இயன்றதும் அதற்குக் காரணங்கள். இன்றைய பதிவுகள் அழியாமல் இருக்கப் பெருமுயற்சி எடுக்கப்படுகிறது. அவற்றை மறுபடி படிக்கும் வழியும் அழியாமல் இருப்பதற்கு, தரவுடன் அதனைச் செயலாக்கிய மென்பொருளின் பதிப்பும் காக்கப்படுதல் வேண்டும். அறிவியலாயினும் தமிழாய்வாயினும், பிறர் சரிபார்க்கத்தக்கதாக முடிவை விட்டுச்செல்லும் கடமை ஆய்வாளருக்கு உண்டு. பதிப்பெண்ணைக் குறித்துவைப்பது அக்கடமையின் எளிய தொடக்கமாகும்.